திறன்பலகை வரட்டும், கரும்பலகையைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி வகுப்பறைகளில், தொட்டும் எழுதியும் இயக்கும் மின்திரைகளான திறன்பலகைகளைப் பொருத்துவது பயனுள்ள செலவா, வீண் செலவா என்று தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் திறன்பலகை பொருத்திய அறையிலேயே பாடம் நடத்தினேன். ஆதரித்து எழுதியவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தைச் சான்றாகக் காட்டினார்கள்; எதிர்த்து எழுதியவர்கள் செலவையும் கண் சோர்வையும் சொன்னார்கள். அந்தப் பலகையில் எந்தப் பாடம் நடக்கிறது, பேனா யார் கையில் இருக்கிறது, அது வந்த பிறகு வகுப்பில் எது நின்றுபோனது என்ற கேள்விகளை ஒருவரும் எழுப்பவில்லை என்பதாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரும்பலகையால் காட்டவே முடியாத ஒன்றைக் காட்டியாக வேண்டிய பாடங்களில் திறன்பலகைக்கு ஈடு கிடையாது. ஆனால் ஓர் ஆண்டின் பாடத்திட்டத்தில் அத்தகைய பாடங்கள் சிறு பகுதிதான். மீதிப் பாடங்களில் அது கரும்பலகைக்குச் சமமாகவோ, சில வேளைகளில் அதைவிடக் குறைவாகவோ உதவுகிறது. ஆகவே கரும்பலகைக்குப் பக்கத்தில் திறன்பலகை வருவதை மனமார வரவேற்கிறேன். கரும்பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டுவதை எதிர்க்கிறேன்.

அதன் சிறப்பை நேரில் கண்டவன் என்பதால் அதையே முதலில் விளக்குகிறேன். இருபடிச் சார்பின் (y = ax² + bx + c; இதில் a முதல் கெழு, b நடுக் கெழு, c மாறிலி) வரைபடம் ஒரு பரவளையம் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேல் சாக்பீஸ் கொண்டே கற்பித்துவந்தேன். ஒவ்வொரு முறையும் அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, கையால் வளைத்து இணைக்க வேண்டும். எவ்வளவு விரைந்தாலும் ஒரு பாடவேளையில் நான்கு வரைபடங்களுக்கு மேல் முடியாது. நான்கையும் பார்த்த மாணவரின் மனதில் நான்கு தனித்தனி வளைவுகள் பதியுமே தவிர, கெழு மாற மாற ஒரே வளைவு எப்படி உருமாறுகிறது என்பது பதியாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் தம் முதுநிலைப் படிப்பின் பகுதியாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறன்பலகையில் திறந்து, மூன்று கெழுக்களுக்கும், இழுத்தால் மதிப்பு மாறும் மூன்று நகர்த்திகளை வைத்து, மாணவர்களையே நகர்த்தச் சொன்னேன். முதல் கெழுவை மாற்றியபோது வளைவு ஒடுங்கியது, விரிந்தது, சுழியைத் தாண்டியதும் கவிழ்ந்தது. மாறிலியை மாற்றியபோது முழு வளைவும் மேலும் கீழும் போனது. இவையெல்லாம் அவர்கள் எதிர்பார்த்தவைதான்.

நடுக் கெழுவை நகர்த்தும் முன், என்ன நடக்கும் என்று கேட்டேன். வளைவு இடமும் வலமும் நகரும் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. நகர்த்திப் பார்த்தால் அது பக்கவாட்டில் விலகும்போதே கீழேயும் இறங்கியது. அப்படி இறங்கினாலும் செங்குத்து அச்சில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, வழக்கமாக வாய் திறக்காத மாணவி ஒருத்தி, வளைவு திரும்பும் இடமான முனைப்புள்ளி போகிற வழியும் ஒரு பரவளையம்தானோ என்று கேட்டாள். ஆம், முதல் கெழுவையும் மாறிலியையும் நிலையாக வைத்து நடுக் கெழுவை மட்டும் மாற்றினால், முனைப்புள்ளி கவிழ்ந்த பரவளையம் ஒன்றின் மீதே பயணம் செய்யும். அத்தனை ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தியும் என் வகுப்பில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, கேட்கும்படியாக நான் எதையும் காட்டியதுமில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கருவியின் மீது எனக்கு மதிப்பு உண்டு.

அவளுடைய ஊகத்தை நிறுவ மேலும் இரண்டு பாடவேளைகள் ஆயின. நிறுவியது கரும்பலகையில்.

ஏன் என்பதை விளக்க வேண்டும். நான் சொல்லவருவதன் மையம் இதுதான். ஒரு நிறுவலையோ நீண்ட கணக்கையோ கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியரின் கை மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவே மாணவருக்கு மூச்சு விடும் இடம். ஒரு வரியை நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி எதுவாக இருக்கும் என்று ஊகிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஊகம் தவறினால் எங்கே தவறியது என்று தேட மேலே எழுதிய அத்தனை வரிகளும் கண்ணெதிரே நிற்கின்றன. பன்னிரண்டாம் வரியில் குழம்பும் மாணவர் கண்ணை உயர்த்தி இரண்டாம் வரிக்குப் போய், அங்கே செய்த பதிலீட்டைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பி வருவதை நான் ஆயிரம் முறை கண்டிருக்கிறேன். முன்பே தயாரித்த பக்கங்களைத் திறன்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும்போது, அடுத்த பக்கம் வந்ததும் முந்தைய பக்கம் மறைந்துபோகிறது. பின்னோக்கிப் போக வேண்டுமானால் மாணவர் கையை உயர்த்திக் கேட்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைகள் கேட்பதில்லை. அதற்கும் மேலாக, திரையில் நிறுவல் முடிந்த பொருளாக வந்து நிற்கிறது. எங்கே தயங்க வேண்டும், எங்கே வேறு வழியை முயன்று தோற்க வேண்டும், தோற்றதை அழித்துவிட்டு எப்படித் திரும்பி வர வேண்டும் என்பதை மாணவர் காண்பதே இல்லை. கணிதத்தில் நான் கற்றுக்கொடுக்க விரும்பியதெல்லாம் அந்தத் தயக்கத்தையும் திரும்பலையும்தான்.

திறன்பலகையிலும் கையால் எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம், நானும் எழுதினேன். ஆனால் வழக்கமான 75 அங்குலத் திரையின் அகலம், சுவர் நிறைந்த கரும்பலகையின் அகலத்தில் பாதியைக்கூடப் பெரும்பாலும் எட்டாது. கடைசி இருக்கைக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினால் ஏழெட்டு வரியில் இடம் தீர்ந்துவிடும், மறுபடியும் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும்.

இனி, ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991இல் ஸ்மார்ட் போர்டு என்ற பெயரில் இக்கருவியை விற்கத் தொடங்கியது. அந்த வணிகப் பெயரே இன்று பொதுப் பெயராகிவிட்டது. இதை மிகப் பெரிய அளவில் முதலில் சோதித்துப் பார்த்த நாடுகளில் ஒன்று பிரிட்டன். 2003-04இல் லண்டனின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய பாடத்துறைகளுக்காக அரசு இப்பலகைகளை வாங்கிக் கொடுத்தது. அதன் விளைவை லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனம் ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. கூடுதலாகப் பலகைகள் வந்ததால் அந்த மூன்று பாடங்களிலும் மாணவரின் தேர்வு அடைவு உயர்ந்ததற்கு, ஆராய்ந்த ஆண்டில் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு: பின்தங்கிய மாணவர் குழுக்களில், ஒருவர் மாற்றி ஒருவர் பலகைக்கு வந்து தொடும் வழக்கம் முழு வகுப்பின் கற்றலையும் மெதுவாக்கக்கூடும். இதைப் படித்தபோது என் வகுப்பை யாரோ பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிகளில் பார்த்தது இதற்கு நெருக்கமானது. பலகை வந்த முதல் ஆண்டில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது, இரண்டாம் ஆண்டில் அது காணாமல் போனது. பலகை வைத்து நடத்திய பாடங்கள் வேகமாக நகர்ந்தன என்றும், மாணவர் குழுவாகச் சேர்ந்து வேலை செய்யும் நேரம் குறைந்தது என்றும், ஆசிரியரின் அடிப்படைக் கற்பித்தல் முறை மாறவில்லை என்றும் அவர்கள் 2006இல் எழுதினார்கள்.

இதற்கு மாறான முடிவுகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் ராபர்ட் மார்சானோ நடத்திய ஆய்வில் 85 ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் ஒரே பாடத்தை ஒரு வகுப்புக்குத் திறன்பலகையோடும் இன்னொரு வகுப்புக்கு அது இல்லாமலும் நடத்தினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, பலகையோடு கற்றவர்கள் சராசரியாக 16 நூற்றுமானப் புள்ளிகள் (நூறு பேர் கொண்ட தரவரிசையில் 16 இடங்கள் போல) முன்னேறினார்கள். விற்பனையாளர்கள் இந்த எண்ணை விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் 23 சதவீத ஆசிரியர்களுக்குப் பலகை இல்லாத வகுப்பிலேயே நல்ல விளைவு கிடைத்தது என்ற எண்ணை அவர்கள் சொல்வதில்லை. பாடம் எங்கே பிசகியது என்று மார்சானோ வகுப்புப் பதிவுகளைப் பார்த்துக் காரணம் தேடினார். மாணவர் பொத்தானை அழுத்தி விடை தேரும் வாக்கெடுப்புக் கருவியால் விடைகளைத் திரட்டிவிட்டு, அந்த விடைகள் ஏன் சரி, ஏன் தவறு என்று பேசாமலேயே அடுத்த கேள்விக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஒரே திரையில் தேவைக்கு மீறிய படங்களைக் குவித்தவர்கள் இருந்தார்கள். சரியான விடைக்குக் கைதட்டல் ஒலியும் மின்னும் படமும் வரச்செய்து, பிள்ளைகளின் கவனத்தைப் பாடத்திலிருந்து கைதட்டலுக்குத் திருப்பியவர்களும் இருந்தார்கள். இந்த மூன்று தவறுகளையும் முதல் ஆண்டில் நானே செய்திருக்கிறேன்.

இந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது, விளைவைத் தந்தது பலகையின் பின்னால் இருந்த கற்பித்தல் முறைதான் என்பது. இதற்கு மிகத் துல்லியமான சான்று இயற்பியல் கற்பித்தலில் கிடைக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் 1991 முதல் பின்பற்றிய முறை ஒன்று உண்டு: கருத்தைச் சோதிக்கும் கேள்வியொன்றைக் கேட்பார், ஒவ்வொரு மாணவரும் தனியாக விடையைத் தேர்வார், பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாடுவார், மறுபடியும் விடை தேர்வார். இதை மின்னணு வாக்கெடுப்புக் கருவியாலும் செய்யலாம், எழுத்து அச்சிட்ட அட்டைகளை உயர்த்தச் சொல்லியும் செய்யலாம். இரண்டையும் ஒப்பிட்ட நத்தானியல் லாஸ்ரி, மாணவர் கற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008இல் எழுதினார். விடையைத் தேர்ந்து, வாதாடி, மாற்றிக்கொண்டதுதான் கற்றலைத் தந்தது. அட்டையா, மின்கருவியா என்பது அதை மாற்றவில்லை.

இந்த இடத்தில், திறன்பலகைக்கு வழங்கும் 'ஊடாடும் பலகை' என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊடாட்டம் யாருக்கும் யாருக்கும் இடையே என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு மாணவர் வந்து திரையைத் தொட்டு ஒரு சொல்லை இழுத்து ஒரு கட்டத்தில் விடும்போது, ஊடாட்டம் ஒரு விரலுக்கும் ஒரு கண்ணாடிக்கும் இடையே நடக்கிறது. முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதே கேள்விக்கு நாற்பது பேரும் தம் சிலேட்டிலோ நோட்டிலோ விடை எழுதி உயர்த்திக் காட்டினால் நாற்பது மனங்களும் வேலை செய்கின்றன, யாருக்கு எங்கே இடறுகிறது என்பது ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் பலகையைத் தொட ஆவலோடு காத்திருப்பதை ஆர்வத்தின் அடையாளமாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த ஆவல் உண்மையானது. ஆனால் அது தொடுவதற்கான ஆவலா, அறிவதற்கான ஆவலா என்பதை மூன்றாம் மாதத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். லண்டன் ஆய்வாளர்களும் புதுமையால் வரும் உற்சாகம் நீடிப்பதில்லை என்றே எழுதினார்கள்.

மற்றப் பாடங்களைப் பற்றி உடன் பணியாற்றியவர்களிடம் பார்த்தும் கேட்டும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புவியியல் ஆசிரியர் ஒரே நிலப்படத்தின் மேல் மழையளவு, மண்வகை, மக்கள்தொகை என்று அடுக்கடுக்காக வைத்து நீக்கிக் காட்டுவார். சுவரில் தொங்கும் மூன்று நிலப்படங்களால் அது ஆகாது. அறிவியல் ஆசிரியருக்குக் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, சோதனைகளைக் கணினியில் நிகழ்த்திக் காட்டும் ஃபெட் பாவனையாக்கங்கள் கைகொடுத்தன, குறிப்பாகக் கண்ணால் காண முடியாத வாயு மூலக்கூறுகளின் இயக்கத்துக்கும் மின்சுற்றுக்கும். ஆனால் ஆய்வகத்தில் கையால் செய்யக்கூடிய சோதனையையும் திரையிலேயே முடித்துவிடும் பழக்கம் மெல்ல மெல்ல வந்ததை அவரே வருத்தத்தோடு சொன்னார். மொழி வகுப்பில் ஒரு பத்தியைத் திரையில் போட்டு, மாணவர்கள் சொல்லச் சொல்ல அடித்துத் திருத்திச் செப்பனிடுவது நல்ல பயன். எழுத்துப் பழகும் சிறு வகுப்புகளில் எனக்கு அனுபவம் இல்லை. அந்த வயதில் பிள்ளையின் கை வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் உறுதியாக நம்புகிறேன்.

பார்வைக் குறைவுள்ள மாணவருக்குக் கரும்பலகையால் செய்ய முடியாத உதவி ஒன்றைத் திறன்பலகை செய்கிறது. திரையில் உள்ளதை அப்படியே அவருடைய கைக்கணினிக்கு அனுப்பி, வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிக்கச் செய்யலாம். செவித்திறன் குறைந்தவருக்குக் காணொலியை எழுத்து வரிகளோடு காட்டலாம். நோயினால் வராத பிள்ளைக்கு அன்றைய பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கலாம். இவற்றுக்காகவே பலகை வாங்கினாலும் தகும் என்பேன். ஆனால் நான் பார்த்த அறைகளில் பெரும்பாலும் அது நிற்கும் பெரியவரின் உயரத்துக்கே பொருத்தப்பட்டிருந்தது. சக்கர நாற்காலியில் வரும் மாணவராலும் சிறு பிள்ளைகளாலும் அதன் மேல் பாதியைத் தொடவே முடியாது. உயரத்தை மாற்றக்கூடிய தாங்கி கிடைக்கிறது என்பதை வாங்குவோர் கேட்டுப் பெற வேண்டும்.

பழுதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. எங்கள் அறைக்கு முதலில் வந்தது புரொஜெக்டரோடு கூடிய வகை. அதன் விளக்கு 2000 முதல் 4000 மணி நேரம் வரை எரியும். மங்கத் தொடங்கியதும் பகல் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது, ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். பேனா வைத்த இடம் ஒன்று, கோடு விழும் இடம் இன்னொன்று என்று அடிக்கடி விலகும். அளவு சரிசெய்யப் பாடவேளையில் ஐந்து நிமிடம் போகும். பின்னர் வந்த தட்டைத் திரை வகையில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் திரை நன்றாக இருக்கும்போதே தொடுவுணர்வுச் சட்டமோ மின்வழங்கிப் பலகையோ பழுதாகலாம்; உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு பழையதாகி, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோகலாம்.

ஒரு கல்வியாண்டின் நடுவில் எங்கள் பலகை முற்றிலும் நின்றுவிட்டது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம், தொலைபேசியில் பேசினோம், ஆள் வந்து பார்த்துவிட்டு உதிரிப் பாகம் வர வேண்டும் என்று சொல்லிப் போனார். ஏழு மாதங்கள் ஆயின. பலகை பொருத்தியபோதே கரும்பலகையைப் பெயர்த்துச் சுவரைப் பூசி வண்ணமும் அடித்துவிட்டார்கள். பொதுத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு வகையீட்டைக் கற்பிக்க, வரைதாள்களைச் சுவரில் ஒட்டி எழுதினேன். தாள் தீர்ந்தபோது ஒரு மாணவரின் நோட்டைச் சுற்றி எல்லாரையும் நிற்கவைத்து எழுதிக் காட்டினேன். அந்த ஏழு மாதங்களில் அந்தப் பிள்ளைகள் இழந்ததை எந்தத் திரையும் பிறகு ஈடுசெய்யவில்லை. கரும்பலகையைக் கழற்றக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வாங்குவோர் கேட்க மறக்கும் இன்னொன்று, கோப்புகளின் வடிவம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் ஆசிரியர் பல மாதம் உழைத்து உருவாக்கிய பாடங்கள் வேறு நிறுவனத்தின் பலகையில் திறக்காமல் போவதுண்டு. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென இருந்த பெக்டா என்ற அரசு முகமை இதை முன்பே உணர்ந்து, எல்லாப் பலகைகளும் படிக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவம் ஒன்றை உருவாக்க முயன்றது. அந்த முகமையே 2011இல் மூடப்பட்டுவிட்டது. பள்ளி பலகையை மாற்றும்போது ஆசிரியரின் உழைப்பு வீணாகாதபடி, எங்கும் திறக்கும் வடிவத்தில் பாடங்களைச் சேமிக்க முடியுமா என்பதை விலை பேசும் முன்பே கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது ஆசிரியரின் நேரம். நான் மேலே விவரித்த பரவளையப் பாடத்தை முதன்முறை தயாரிக்க எனக்கு நான்கு மாலைகள் தேவைப்பட்டன. மறு ஆண்டு அதைத் திருத்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்த முதல் நான்கு மாலைகளை யாரும் எனக்குத் தரவில்லை, வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். பலகையைப் பொருத்தியவர்கள் தந்த பயிற்சி அரை நாள். எந்தப் பொத்தான் எதற்கு என்பதோடு அது முடிந்தது, கணிதத்தை இதில் எப்படிக் கற்பிப்பது என்று பேச அவர்களில் கணிதம் அறிந்தவர் யாரும் இல்லை. பிரிட்டனின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் இக்கருவியில் மூன்று நிலைகளைக் கடப்பதாகக் கண்டார்கள்: பழைய விரிவுரைக்கே படம் சேர்ப்பது முதல் நிலை, மாணவரைச் சிந்திக்கத் தூண்டச் சில இடங்களில் பயன்படுத்துவது அடுத்தது, பாடத்தின் கட்டமைப்பையே அதற்கேற்ப மாற்றியமைப்பது கடைசி நிலை. பலர் முதல் நிலையிலேயே நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தினர் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2007இல் தந்த அறிக்கை, பலகையோடு நீண்ட காலம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பழகிய ஆசிரியர்களிடம் பயின்ற பிள்ளைகளிடமே நல்ல முன்னேற்றம் தெரிந்தது என்கிறது. லண்டன் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள முரண்பாட்டை இந்தக் கால அளவே பெரும்பாலும் விளக்குகிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஒரு பலகையின் விலையோடு, அதன் ஆசிரியருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வாரத்தில் இரண்டு பாடவேளையேனும் தயாரிப்புக்காக ஒதுக்கும் செலவும் சேர்ந்தே கணக்கிடப்பட வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால், நூறு பலகைகளுக்குப் பதில் ஐம்பது வாங்கி மீதியை ஆசிரியர்களுக்குச் செலவிடுவதே சரியான வழி. ஒவ்வொரு அறைக்கும் ஒன்று என்று எண்ணிக்கையைக் காட்டுவதைவிட, தேவைப்படும் பாடத்துக்கு வகுப்பு போய் வரும் ஓர் அறை பல பள்ளிகளுக்குப் போதும். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடி 2015இல் வெளியிட்ட அறிக்கை, கல்வியில் கணினித் தொழில்நுட்பத்துக்கு மிகுதியாகச் செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று சொன்னது. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும், அமெரிக்காவின் 17 மாநிலங்களில் கேட்டறிந்தபோது ஆசிரியர்களிலும் நிர்வாகிகளிலும் 11 சதவீதத்தினரே வாங்கும் முன் ஆய்வறிஞர்களால் சரிபார்க்கப்பட்ட சான்றைக் கேட்டிருந்தனர் என்றும் குறிப்பிட்டது. ஓர் ஆசிரியர் பழகித் தேர இரண்டு ஆண்டுகள். பொருள் மாறிப்போக மூன்று ஆண்டுகள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும் முடிவை எடுக்கும்படி, பொறுப்பில் இருப்பவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பலகைகள் திறந்துவைக்கப்படும் நாளில் தங்கள் செய்தியாளரும் புகைப்படக்காரரும் பள்ளிக்குப் போகிறார்கள். அதே பள்ளிக்கு மூன்றாம் ஆண்டின் நடுவில், முன்னறிவிப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மறுபடியும் அவர்களை அனுப்புங்கள். பலகை எரிகிறதா, அதில் இருப்பது ஆசிரியர் உருவாக்கிய பாடமா, வாங்கிய காணொலியா, பேனா எத்தனை மாணவர் கைக்குப் போனது, பக்கத்தில் கரும்பலகை இருக்கிறதா, அதில் அன்று எழுதிய சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்